பாலைவனத்தில் புதிய கேமரா தடுமாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பொங்கல் விடுமுறையை ஒட்டித் தருமபுரியிலிருந்து நாங்கள் நான்கு நண்பர்கள் தார் பாலைவனத்திற்கு நிலக்காட்சிப் படம் எடுக்கச் சென்றோம். இருவரிடம் இந்தப் பயணத்திற்கென்றே வாங்கிய புதிய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவும் லென்ஸும் இருந்தன. மற்ற இருவரிடம் பல ஆண்டுகள் பழகிய டிஎஸ்எல்ஆர் (உள்ளே அந்தக் கண்ணாடி உள்ள) கேமராக்கள். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாம் மணற்குன்றுகளிலும், தென்மேற்கே ஏறத்தாழ அதே தொலைவிலுள்ள குரி கிராமத்து மணற்குன்றுகளிலும் ஐந்து நாட்கள் காலையும் மாலையும் நின்றோம். அந்த ஐந்து நாட்களில் கேமரா பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலமுறை பதறினோம். ஊர் திரும்பி நிதானமாகப் பிரித்துப் பார்த்தபோது, சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டிய உண்மையான பழுது ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. மற்றவை மணலாலும் வெளிச்சத்தாலும் புதிய கருவியில் நம் கை பழகாததாலும் வந்தவை. அங்கேயே, அந்த நிமிடத்திலேயே சரிசெய்திருக்கக்கூடியவை.

ஆகவே இதைக் கருவியின் பாகங்கள் வாரியாக அல்லாமல், நம் கண்ணுக்கு முதலில் தெரியும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எந்த அறிகுறி தோன்றினாலும் முதல் வேலை ஒன்றுதான்: லென்ஸைக் கழற்றாதீர்கள். சந்தேகம் வந்தவுடன் லென்ஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மணற்குன்றின் மேல் அதைச் செய்தால் இல்லாத பழுதையும் வரவழைத்துக்கொள்வோம்.

வானத்தில் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி தெரிகிறது

முதல் நாள் மாலை எடுத்த படங்களை விடுதியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பென்னாகரத்து நண்பரின் படங்களில் இடது மேல் மூலையை ஒட்டி, மிளகு அளவுக்கு ஒரு சாம்பல் வட்டம் இருந்தது. அடுத்த படத்திலும் அதே இடம். அதற்கடுத்த படத்திலும் அதே இடம். “லென்ஸ்ல கீறல் விழுந்திருச்சு மச்சான்” என்று அவர் சொன்னபோது அவர் முகம் வாடிப்போயிருந்தது. கீறல் இல்லை. லென்ஸின் முன்கண்ணாடியில் உள்ள தூசியோ சிறு கீறலோ படத்தில் இப்படித் தனிப் புள்ளியாகத் தெரிவது மிக அரிது. சூரியனை நோக்கிப் படம் எடுக்கும்போது வெளிச்சம் சிதறி, வெளிறிய படலம் போலத்தான் அது தெரியும். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளி, கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் தகடான சென்சாரின் மேல் உட்கார்ந்திருக்கும் தூசியின் நிழல்.

உறுதி செய்ய, அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, எஃப் 16 அல்லது எஃப் 22-க்குக் குறுக்கி (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), ஃபோகஸைக் கையால் வேண்டுமென்றே கலைத்துவிட்டு, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். பிறகு எஃப் 4-இல் அதே சுவரை எடுங்கள். முதல் படத்தில் அழுத்தமாகத் தெரியும் புள்ளி இரண்டாவதில் கரைந்து போனால் அது சென்சார் தூசியேதான். அபெர்ச்சர் சிறுத்தால் ஒளி குறுகிய கற்றையாகப் போய்த் தூசியின் நிழலைக் கூர்மையாக விழச் செய்கிறது; நிலக்காட்சிக்காரர்கள் எஃப் 11, எஃப் 16 என்று எடுப்பதால்தான் இந்தத் தொல்லை நமக்கு அதிகம்.

சரிசெய்யும் வரிசை இதுதான். காற்று வராத அறைக்குள் போய், மின்விசிறியை நிறுத்தி, கேமரா மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். சென்சார் நுண்ணியதாக அதிர்ந்து, ஒட்டாத தூசியை உதறும். போகவில்லை என்றால் கேமராவைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, லென்ஸைக் கழற்றி, ரப்பர் பிளோயரால் கீழிருந்து மேலாக ஊதுங்கள். விழும் தூசி வெளியே விழட்டும். பிளோயரின் மூக்கு உள்ளே போய் இடித்துவிடக் கூடாது. டிஎஸ்எல்ஆர் என்றால் முதலில் மெனுவில் உள்கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் தெரிவைப் போட வேண்டும், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். சென்சாரை நேராகப் பார்க்கும்போது, படத்தின் மேல்பகுதியில் தெரிந்த தூசி கீழ்ப்பகுதியில் இருக்கும். இடம் வலம் மாறாது. இதை அறியாமல் நண்பர் மேல் மூலையையே ஊதிக்கொண்டிருந்தார். கீழ் மூலைக்கு மாறியதும் நாலாவது ஊதலில் புள்ளி போனது.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டிவிட்டால் பிளோயரால் எடுக்க முடியாது. டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றும் வேண்டாம். அதன் குளிர்ந்த திரவம் சென்சாரில் கறையாகப் படிந்துவிடும். துணியால் துடைப்பதை நினைக்கவே கூடாது. தார் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, சாதாரணக் கண்ணாடிக்கு 6-க்குள்தான். நம் மாவட்டங்களில் கிரானைட் கிரஷர் பக்கம் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல; ஹெல்மெட் கண்ணாடியில் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்தவுடன் கோடு கோடாக விழுமே, அதே குவார்ட்ஸ்தான் அங்கேயும். ஆகவே லென்ஸ் முன்கண்ணாடிக்கும் இதே விதி: முதலில் ஊத வேண்டும், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி.

ஈரக் குச்சி வைத்துச் சென்சாரைத் துடைக்கும் வேலையைப் பயணத்தில் செய்யாமல் ஊருக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. ஒன்றிரண்டு புள்ளிகளைக் கணினியில் நொடியில் அழித்துவிடலாம்; சென்சாரில் விழும் கீறலை அப்படி அழிக்க முடியாது. மிரர்லெஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் திறந்தே கிடக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அணைத்தவுடன் ஷட்டரை மூடிக்கொள்ளும் தெரிவு உங்கள் மாடலில் இருந்தால் புறப்படும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள். இரண்டாம் நாளிலிருந்து நாங்கள் லென்ஸை மாற்றவே இல்லை. ஒருவர் அகலக் கோணம், ஒருவர் டெலிஃபோட்டோ என்று காலையிலேயே பிரித்துக்கொண்டு, மாலையில் கேமராவையே கைமாற்றிக்கொண்டோம். நண்பர்களோடு போவதில் உள்ள பெரிய வசதி இது.

ஜூம் வளையத்தைத் திருப்பினால் கரகரவென்று உரசுகிறது

எங்கள் பயணத்தின் உண்மையான பழுது இதுதான். காவேரிப்பட்டணத்து நண்பரின் புதிய ஜூம் லென்ஸ், திருப்பும்போது மூக்கு முன்னே நீளும் வகையைச் சேர்ந்தது. இத்தகைய லென்ஸ் நீளும்போது உள்ளே கொள்ளளவு கூடுவதால் வெளிக்காற்றை இழுக்கிறது. காற்றோடு நுண்மணலும் போகிறது. மூன்றாம் நாள் காலையில் வளையத்தைத் திருப்பியபோது, கேழ்வரகு அரைக்கும் திரிகைக்குள் ஒரு கல் மாட்டியது போன்ற ஒலி மெல்லியதாகக் கேட்டது. அவர் அதைப் பொருட்படுத்தாமல், சுற்றிச் சுற்றித்தான் சரியாகும் என்று எண்ணி, காலை முழுவதும் திருப்பிக்கொண்டே இருந்தார். மாலையில் வளையம் 50 மில்லிமீட்டருக்கு மேல் நகர மறுத்தது.

முதல் உரசல் கேட்டதுமே ஜூமை நிறுத்திவிட வேண்டும். அப்போதிருக்கும் குவியத்தூரத்தையே (வளையத்தில் மில்லிமீட்டரில் காட்டும் ஜூம் அளவு) வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நடந்து படம் அமைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு வந்ததும் லென்ஸின் கண்ணாடி தரையைப் பார்க்கும்படி பிடித்து, நீண்டிருக்கும் குழாயைச் சுற்றிப் பிளோயரால் ஊதி, புதிதாக வாங்கிய, எண்ணெய் படாத மென்தூரிகையால் வளையத்தின் இடுக்கை வருடுங்கள். இடுக்கில் எட்டிப் பார்க்கும் மணலை ஒட்டும் டேப்பின் விளிம்பால் ஒற்றி எடுக்கலாம். பிறகு மிக மெதுவாக, அரை அங்குலம் மட்டும் திருப்பிப் பாருங்கள். ஒலி நின்றிருந்தால் தப்பித்தீர்கள். நிற்கவில்லை என்றால் அதன் மேல் கை வைக்காமல் பையில் வைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். எண்ணெய் மணலைக் குழைத்து உள்ளே இன்னும் ஆழமாகக் கொண்டுபோகும், அபெர்ச்சர் தகடுகளிலும் படரும்.

லென்ஸுக்குத் தூசி, ஈரத் தடுப்பு உண்டு என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். அந்த ரப்பர் பட்டைகள் தூறலுக்கும் சாலைத் தூசிக்கும் போதும். காற்றில் பறக்கும் மணலுக்கு, லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் துளைவிட்ட பிளாஸ்டிக் பையை மேலே போர்த்தி ரப்பர் பேண்டு போடுவதுதான் நம்பகமான தடுப்பு.

மணல் சாம்பல் நிறமாக இருண்டு வருகிறது

கேமராவின் ஒளிமானி, எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறது. வெயிலில் மின்னும் மணலையும் சாம்பலாக்கப் பார்ப்பதால் படம் மங்குகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலில் முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காகும் அளவு) வரை கூட்டினால் மணல் தன் பொன்னிறத்திற்கு வந்துவிடும். தார் மணல் பழுப்பு கலந்தது என்பதால் வெண்மணலுக்குக் கூட்டும் அளவு இங்கே வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நண்பகல் வெயிலில் கேமராவின் திரை இருட்டாகத் தெரிவதால், படம் இருண்டுவிட்டது என்று எண்ணி மேலும் மேலும் கூட்டிவிடுகிறோம். திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருளும் வலப்பக்கம் வெளிச்சமுமாகப் படத்தின் ஒளியைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். அதிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மாலை ஒளியில் ஆரஞ்சு மணலை எடுக்கும்போது, பொதுவான ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது சுவரில் மோதி நிற்கும். வீட்டில் திறந்து பார்த்தால் மணலின் நுண்வரிகள் எல்லாம் ஒரே ஆரஞ்சுச் சாயமாகப் பூசிக் கிடக்கும். எங்கள் இரண்டாம் நாள் மாலைப் படங்களில் பாதி இப்படிப் போயின. சிவப்பு முட்டுவதைக் கண்டால் மூன்றில் ஒரு பங்கு அல்லது மூன்றில் இரு பங்கு ஸ்டாப் குறையுங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

அஸ்தமனத்தின் செம்மை படத்தில் வரவில்லை

நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கிறது. செம்மையைக் குறை என்று எண்ணிக் கேமரா அதைத் திருத்திவிடுகிறது. பகல் ஒளி அல்லது 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

மணற்குன்று தட்டையாக, மேடு பள்ளம் இல்லாமல் தெரிகிறது

இதற்காக லென்ஸைக் குறை சொன்னோம். குறை நாங்கள் நின்ற நேரத்தில் இருந்தது. மணற்குன்றின் வடிவத்தைக் காட்டுவது நிழல்; காற்று கோதிய அலைவரிகளின் உயரம் ஓரிரு விரற்கடைதான், அவற்றுக்கு நிழல் விழ வேண்டுமானால் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்க வேண்டும், நமக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் நிழல்கள் எல்லாம் மேட்டின் மறுபக்கம் ஒளிந்துகொள்ளும்.

நம் ஊர்க் கடிகாரக் கணக்கு அங்கே பொருந்தாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் நாளை வீணாக்கினோம். ஜெய்சல்மேர் நமக்கு மேற்கே ஏழு பாகைக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் அரை மணி நேர வித்தியாசம் இதிலேயே வந்துவிடும். வடக்கே வெகுதூரம் என்பதால் குளிர்காலத்தில் பகலும் சுருங்குகிறது. பொங்கல் சமயத்தில் தருமபுரியில் 6.45 மணியளவில் உதிக்கும் சூரியன் அங்கே 7.30 மணிக்குப் பிறகே எழுகிறது. மறைவதோ இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ ஒரே நேரம், ஆறு மணியைச் சற்றுக் கடந்து. நாங்கள் ஐந்து மணிக்கே எழுந்து, குளிரில் ஒன்றரை மணி நேரம் நடுங்கி, பேட்டரியையும் கரைத்து, உண்மையான ஒளி வந்த 7.45 மணிக்குச் சோர்ந்துபோய்த் தேநீருக்கு இறங்கிவிட்டோம்.

இதில் நமக்குச் சாதகமும் உண்டு. தை மாதத்தில் தருமபுரியில் உச்சிச் சூரியன் சுமார் 57 பாகை உயரத்தில் நிற்கும். அங்கே 42 பாகைதான். அதனால் காலை ஒளி நம் ஊரைவிட நீண்ட நேரம் சாய்வாகவே கிடைக்கிறது. ஒன்பது மணி ஆனாலும் குன்றின் முகடு நிழலோடு நிற்கிறது.

காலடித் தடங்களும் இதே அறிகுறியில் சேரும். படம் உயிரற்றுத் தெரிந்ததற்கு ஒரு காரணம், எங்கள் நால்வரின் செருப்புத் தடமே முன்னணியில் கிடந்தது. குன்றின் ஒரு பக்கம் காற்று ஏற்றிய மென்சரிவு, மறுபக்கம் மணல் சரிந்து விழும் செங்குத்து; உலர்மணல் சுமார் 34 பாகைக்கு மேல் நிற்காது என்பதால் அந்தச் சரிவு எங்கும் ஒரே சாய்வில், கத்தி சீவியது போல இருக்கும். அதன் முகடுதான் படத்தின் உயிர்நாடி. யாரும் முகட்டின் மேல் நடக்கக் கூடாது, எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் ஏற வேண்டும், முன்னே போகிறவர் எடுத்து முடிக்கும் வரை பின்னவர் அவரைக் கடக்கக் கூடாது என்று மூன்றாம் நாள் பேசி வைத்துக்கொண்டோம். சாமில் ஒட்டகங்களும் ஜீப்புகளும் மாலையில் மணலைக் கலைத்துவிடுகின்றன. இரவுக் காற்று தடங்களைக் கொஞ்சமாவது மூடிய பிறகு, விடியலில் போவதே பயனளிக்கும்.

வேண்டிய பட்டனைத் தேடுவதற்குள் ஒளி போய்விடுகிறது

கருவியில் எந்தப் பழுதும் இல்லாமலே படம் தவறிப்போகும் இடம் இது. சூரியன் விளிம்பைத் தொட்ட பிறகு முழுதாக மறைய மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த நேரத்தில் மெனுவின் நான்காவது பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தால் என்ன கிடைக்கும்? புதிய கேமராவை நேராகப் பாலைவனத்திற்கு எடுத்துச் செல்லாதீர்கள். கோடையில் நீர் வற்றி வெடித்துக் கிடக்கும் ஏரிப்படுகை நம் பக்கத்தில் இல்லாத ஊர் இல்லை. கிருஷ்ணகிரி அணையின் நீர் வடிந்த கரையும், ராயக்கோட்டை, சையது பாஷா மலைப் பாறைச் சரிவுகளும் பாலைக்குரிய வெறுமையையும் பக்க ஒளியையும் தருபவை. அங்கே இரண்டு மாலைகள் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு), எக்ஸ்போஷர் ஈடுசெய்தல், கையால் ஃபோகஸ், டைமர் ஆகிய நான்கையும் விரலால் கண்டுபிடிக்கும்வரை பழகுங்கள். நான் பாலக்கோட்டுக்கு வெளியே ஒரு மாந்தோப்புக் கரையில் இப்படிப் பழகினேன். என் நண்பர்களையும் அன்றைக்கு இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று இப்போது வருந்துகிறேன்.

ட்ரைபாட்டில் வைத்தும் படம் கூர்மையாக இல்லை

படத்தை முழுதாகப் பெரிதாக்கி, மங்கல் எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது அசைவு. தூரத்தில் உள்ளவை மட்டும் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிந்திருந்தால் அது கானல். எந்த இழுபடலும் இல்லாமல் படம் முழுவதும் சீராக மென்மையாக இருந்தால் நீங்கள் அபெர்ச்சரை எஃப் 22 வரை குறுக்கியிருக்கிறீர்கள். ஒளி விளிம்பில் வளைந்து கூர்மையைத் தின்றுவிடுகிறது, எஃப் 8-க்கும் எஃப் 11-க்கும் இடையில் வாருங்கள்.

அசைவென்றால் பல காரணங்கள் உண்டு. ட்ரைபாட்டில் வைத்த பிறகும் அசைவுத் தடுப்பு இயங்கிக்கொண்டிருந்தால், சில கருவிகளில் அதுவே அசைவை உண்டாக்கும், அணைத்துவிடுங்கள். தோள்பட்டை வார் காற்றில் படபடத்தால் கழற்றிவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மணலில் ட்ரைபாட் நிற்கவில்லை, மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது: பத்து விநாடி எக்ஸ்போஷருக்குள் ஒரு நூலிழை அளவு இறங்கினாலும் போதும். கால்களை ஊன்றியதும் தலைப்பகுதியைப் பிடித்து இரு கைகளாலும் அழுத்தி, இறங்கும் வரை இறக்கிவிட்டு, பிறகு படத்தை அமையுங்கள். அடியில் தட்டையான பிளாஸ்டிக் மூடிகளை வைத்தால் இன்னும் உறுதி. தண்டில் பையைத் தொங்கவிடுபவர்கள் அதன் அடி மணலைத் தொடும்படி விடுங்கள்; ஊசலாடும் பை உதவாது.

கானலுக்கு மருந்தே கிடையாது. சூடான மணலுக்கு மேலே வெப்பநிலை மாறி மாறி நிற்கும் காற்றுப் படலங்கள் ஒளியை வளைக்கின்றன. எவ்வளவு விலை உயர்ந்த டெலிஃபோட்டோவாக இருந்தாலும் அந்த நெளிவைத்தான் பெரிதாக்கிக் காட்டும். பதினொரு மணிக்கு மேல் டெலிஃபோட்டோவைப் பையில் வைத்துவிட்டு, அருகில் உள்ளதை எடுங்கள்.

ட்ரைபாட் கால் நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை

திருகும் வகைப் பூட்டுக்குள் மணல் புகுந்துவிட்டது. பலம் போட்டுத் திருகாமல், அறைக்கு வந்து பூட்டை முழுதாகக் கழற்றி, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தகடுகள் எந்த வரிசையில் இருந்தன என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷும் வாளித் தண்ணீரும் வைத்துக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். மறுமுறை, மணலில் ஊன்றும்போது மேல்பகுதிகளை நீட்டாவிட்டாலும் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் நீட்டுங்கள். கீழ்ப் பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்.

வானம் ஒரு பக்கம் கருநீலமாகவும் மறுபக்கம் வெளிறியும் இருக்கிறது

லென்ஸின் முன்னே மாட்டும் போலரைசர் ஃபில்டர் சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தைத்தான் அதிகமாகக் கறுக்கச் செய்யும். முழுச்சட்டக் கேமராவில் (36 x 24 மில்லிமீட்டர் சென்சார் உள்ளது) 16 மில்லிமீட்டர் லென்ஸ் அகலவாக்கில் 97 பாகை வரை பார்ப்பதால், கறுத்த பகுதியும் கறுக்காத பகுதியும் ஒரே படத்தில் விழுகின்றன. அகலக் கோணத்தில் அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். திருப்பித் திருப்பிக் கருமையைக் கூட்டும் என்டி ஃபில்டரில் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல நிழல் தெரிந்தால், அதைக் கடைசி எல்லைவரை திருப்பியிருக்கிறீர்கள்; கொஞ்சம் பின்னால் கொண்டுவாருங்கள்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது

வழுவழுப்பான மணலில் கேமரா பிடித்துக்கொள்ள விளிம்பே இல்லை. வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் முகட்டுக் கோட்டில் ஃபோகஸ் புள்ளியை வையுங்கள்.

நட்சத்திரங்கள் கோடாகவோ பஞ்சாகவோ வருகின்றன

கோடாக வந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது. 500-ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகள் மேல் எல்லை. 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி. சிறிய சென்சார் என்றால் குவியத்தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். புதிய கேமராக்களின் சென்சார் அடர்த்தி அதிகம் என்பதால் அந்த எல்லையிலும் பெரிதாக்கினால் கோடு தெரியும். நான் 15 விநாடிக்கு மேல் போவதில்லை. பஞ்சாக வந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. லென்ஸை முடிவிலிக் குறிவரை திருப்பி விட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு முறையீடு உண்டு: பால்வெளியின் பிரகாசமான நடுப்பகுதி படத்தில் வரவே இல்லை. எங்கள் புதிய லென்ஸின் மீது இதற்காகவும் பழி விழுந்தது. பால்வெளியின் மையம் தனுசு ராசியில், மூல நட்சத்திரத்தின் பக்கம் இருக்கிறது. மார்கழியில் சூரியனே தனுசில் இருப்பதால் அந்தப் பகுதி பகலோடு எழுந்து பகலோடு மறைகிறது. தையிலும் விடியல் வெளிச்சத்தில் கரைந்துவிடும். மாசி பிறந்த பிறகு விடியலுக்கு முன் கிழக்கிலும், ஆனி ஆடியில் இரவின் பெரும்பகுதியும் தெரியும். குளிர்காலத்தில் போகிறவர்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிய வட்டப் படங்களுக்குத் திட்டமிடலாம். நம் ஊரில் அது 12 பாகை உயரத்தில் மலைக்கும் மங்கலுக்கும் பின்னால் கிடக்கும். ஜெய்சல்மேரில் 27 பாகை உயரத்தில் தெளிவாக நிற்கிறது. முதன்முறை அதை அங்கே பார்த்தபோது நாங்கள் நால்வரும் சிறிது நேரம் கேமராவைத் தொடவே இல்லை.

நிறைந்திருந்த பேட்டரி திடீரென்று தீர்ந்துவிட்டது

பேட்டரி கெடவில்லை, குளிரில் அதன் வேதிவினை மந்தமாகிறது. தார் பாலைவனத்தில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்குச் சில பாகை மேலேவரை இறங்கும். தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் கால் மணி நேரம் வைத்தால் கொஞ்சம் உயிர் திரும்பும். உபரிப் பேட்டரிகள் எப்போதும் உடலோடு ஒட்டியிருக்கட்டும். விமானத்தில் போகிறவர்கள் அவற்றைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் அனுமதி இல்லை.

அதே குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி பூக்கும். நுழையும் முன்பே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். அவசரப்பட்டுத் துடைத்தால் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மணலோடு சேர்த்துத் துடைப்பீர்கள்.

மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை என்று வருகிறது

ஃபார்மேட் செய்யவா என்று கேமரா கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அணையுங்கள். கார்டின் தொடுபுள்ளிகளையும் கேமராவின் கார்டுக் குழியையும் பிளோயரால் ஊதி மறுபடி போடுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் தனியே வைத்தால், மீட்கும் மென்பொருளால் படங்களைத் திரும்பப் பெற வாய்ப்பு அதிகம்.

நண்பர்களின் படங்களைச் சேர்த்தால் வரிசை குழம்புகிறது

நான்கு கேமராக்களின் கடிகாரமும் நான்கு நேரத்தில் இருந்திருக்கின்றன. புதியது ஒன்று வேறொரு நாட்டின் நேர மண்டலத்தில் இருந்தது. புறப்படும் முன் எல்லாவற்றையும் ஒரே கைபேசியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தவறவிட்டிருந்தால், நால்வரும் ஒரே கைபேசிக் கடிகாரத்தை ஆளுக்கொரு படம் எடுத்து வையுங்கள். அதை வைத்து ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் கணினியில் மொத்தமாகத் திருத்திவிடலாம். ஒருவர் ரிமோட்டை அழுத்தினால் இன்னொருவர் கேமராவும் படம் எடுக்கிறது என்றால், இரண்டு ரிமோட்டுகளும் ஒரே சேனலில் இருக்கின்றன.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்தும் லென்ஸ் மூடியில் மணல் இருக்கிறது

மணல் கேமராவிலிருந்து வரவில்லை, பையிலிருந்து வருகிறது. பையின் உள்தடுப்புகள் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்து, உள்புறத்தை வெளியே திருப்பி மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்துத் தட்டுங்கள். தையல் ஓரங்களையும் ஜிப் பற்களையும் பல்தேய்க்கும் பிரஷால் தேயுங்கள். முடிந்தால் வாக்குவம் கிளீனரின் குறுகிய மூக்கை மூலைகளில் விடுங்கள். லென்ஸின் பின்மூடியையும் கேமரா உடல் மூடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். சென்சாருக்கு மிக அருகில் போய் உட்காரும் பொருள்கள் அவை இரண்டும்தான். காவேரிப்பட்டணத்து நண்பரின் லென்ஸ் சர்வீஸ் முடிந்து நன்றாகவே திரும்பி வந்தது. அதை வைப்பதற்கு முன் அவருடைய பையைத் தட்டியபோது, விரித்த செய்தித்தாளில் ஒரு தேக்கரண்டி அளவு பொன்னிற மணல் விழுந்தது.